டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பாலியேட்டிவ்’ என்று போட்டிருக்கிறார்கள், கைவிட்டுவிட்டார்களா?

கேள்வி (மார்ச் 2, மாலை)

அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது என்றார்கள். முதல் கீமோ முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் “பாலியேட்டிவ் இன்டென்ட் கீமோதெரபி, சைக்கிள் 1/6, இகாக் 1, ஜி-சிஎஸ்எஃப் போடப்பட்டது” என்று இருக்கிறது. டாக்டர் பேசும்போது இதில் எதையும் விளக்கவில்லை. தேடிப் பார்த்தால் பாலியேட்டிவ் என்றால் கடைசிக் கட்டம் என்று வருகிறது. கைவிட்டுவிட்டார்கள் என்றால் ஆறு கீமோ எதற்கு? இந்தக் காகிதத்தை அப்பாவிடம் காட்டலாமா, ஒளித்து வைக்கலாமா?

மார்ச் 2, இரவு

கைவிடவில்லை. கைவிட்ட நோயாளிக்கு யாரும் ஆறு சைக்கிள் எழுதமாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. கீமோ டே கேர் வார்டில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு “சிஸ்டர், இது என்ன?” என்று கேட்பவர்களிடம் பேசியே பாதி வேலை நேரம் போகும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

‘இன்டென்ட்’ என்பது சிகிச்சையின் இலக்கு. நோயை வேரோடு நீக்கிவிட முடியும் என்று நம்பிக் கொடுத்தால் க்யூரேட்டிவ். நோய் முழுதாகப் போகாது, ஆனால் கட்டியைச் சுருக்கலாம், வளர்வதைத் தடுக்கலாம், ஆயுளைக் கூட்டலாம், மூச்சிரைப்பையும் வலியையும் குறைக்கலாம் என்றால் பாலியேட்டிவ். நுரையீரலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் போன நோயில் பெரும்பாலும் இரண்டாவதுதான் எழுதுவார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு கெட்ட செய்தி இருக்கத்தான் செய்கிறது, பூசி மெழுக விரும்பவில்லை. ஆனால் எவ்வளவு காலம் என்பதை அந்தச் சொல் சொல்லவே சொல்லாது. பாலியேட்டிவ் இன்டென்டில் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. எந்த வகைக் கட்டி, அதில் என்ன மரபணு மாற்றம், மருந்துக்கு அது எப்படி மசிகிறது என்பதைப் பொறுத்தது.

இகாக் 1 நல்ல செய்தி. பரீட்சை மார்க் என்று நினைத்து “ஒன்றுதானா?” என்று முகம் வாடிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நோயாளியால் எவ்வளவு நடமாட முடிகிறது என்பதற்கான அளவு இது, அதுவும் தலைகீழ் அளவு. 0 என்றால் நோய் வருவதற்கு முன் இருந்ததைப் போலவே நடமாடுகிறார். 1 என்றால் கடின வேலை முடியாது, நடமாட்டமும் லேசான வேலையும் முடியும். 2 என்றால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார், ஆனால் வேலைக்குப் போக முடியாது. 3 என்றால் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறது. 4 என்றால் முழுக்கப் படுக்கை. அடுத்த கீமோவை அதே அளவில் கொடுக்கலாமா, குறைக்கலாமா, நிறுத்தலாமா என்பதற்கு டாக்டர்கள் ஸ்கேனைவிட இந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஆகவே “எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் தைரியமாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொல்ல வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை.

ஜி-சிஎஸ்எஃப் என்பது வெள்ளை அணுக்களைச் சீக்கிரம் உற்பத்தி செய்ய எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும் ஊசி. போட்டு ஓரிரு நாளில் இடுப்பு, முதுகு, மார்பெலும்பு குடைகிற மாதிரி வலிக்கலாம். முன்கூட்டியே யாரும் சொல்லாவிட்டால் “எலும்புக்கும் பரவிவிட்டது” என்று வீடே அன்றிரவு தூங்காது. மஜ்ஜை மும்முரமாக வேலை செய்வதால் வருகிற வலி அது. சில நாளில் போய்விடும். போகவில்லை, ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் சொல்லத்தான் வேண்டும்.

காட்டலாமா, ஒளிக்கலாமா என்பதற்குத் தனியாக எழுதுகிறேன். அதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது.

மார்ச் 3

அதற்குள் கீழே ஒருவர், “எங்கள் வீட்டில் பாலியேட்டிவ் டீம் வந்து பார்த்தார்கள், அடுத்த மாதமே முடிந்துவிட்டது, ஆகவே அர்த்தம் ஒன்றுதான்” என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நேர்ந்ததை மறுக்கவில்லை. அந்த டீமைக் கடைசி மாதத்தில் மட்டும் கூப்பிட்டால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இரண்டு விஷயம் இங்கே குழம்புகிறது. பாலியேட்டிவ் இன்டென்ட் என்பது சிகிச்சையின் இலக்கு. பாலியேட்டிவ் கேர் என்பது வலி, குமட்டல், மூச்சுத் திணறல், தூக்கமின்மை, மனக்கலக்கம், வீட்டாரின் தடுமாற்றம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. பூரண குணம் நோக்கிப் போய்க்கொண்டிருப்பவருக்கும் அது வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் அதை நோயின் தொடக்கத்திலிருந்தே, கீமோ ரேடியேஷனோடு சேர்த்தே தரலாம் என்றுதான் சொல்கிறது.

குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். சிசிலி சாண்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியது இறுதிக் காலத்தில் இருந்தவர்களுக்காக. ஹாஸ்பிஸ் என்ற பெயரோடு மரணம் ஒட்டிக்கொண்டது. எழுபதுகளில் கனடாவில் பால்ஃபர் மவுன்ட் என்ற அறுவை மருத்துவர் வேறு பெயர் வேண்டுமென்று ‘பாலியேட்டிவ் கேர்’ என்று வைத்தார். பிறகு அதன்மேலும் அதே பயம் ஏறியது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் 2007-இல் அந்தப் பிரிவின் பெயரை ‘சப்போர்ட்டிவ் கேர்’ என்று மாற்றியதும் டாக்டர்கள் அங்கே அனுப்பும் நோயாளிகள் கூடிவிட்டார்கள். பெயரைக் கண்டு மிரண்டதில் டாக்டர்களுக்கும் பங்கு இருந்திருக்கிறது.

கேள்வி கேட்டவரின் அப்பாவுக்கு நேரடியாகப் பொருந்துகிற ஓர் ஆய்வு உண்டு. 2010-இல் வெளிவந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை, மறுபாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேர். இரண்டாவது குழுவில் வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது, மனச்சோர்வு குறைந்தது. இடைநிலை ஆயுளும் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதமாக இருந்தது. அப்புறம் வந்த எல்லா ஆய்விலும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதி கூடுகிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

மார்ச் 3, பிற்பகல்

“இதற்கெல்லாம் ஒரு அகராதி அச்சடித்துக் கையில் கொடுத்தால் போதுமே” என்றவருக்கு:

கொடுத்தோம். வழவழ தாளில், படத்தோடு. பெரும்பாலும் ஃபைலின் கடைசிப் பையில் மடிப்புக் கலையாமல் இருக்கும். ‘நியூட்ரோபீனியா: நியூட்ரோஃபில் அணுக்கள் குறைதல்’ என்று அதில் போட்டிருந்தது. தப்பில்லை. ஆனால் அந்த வரியைப் படித்தவருக்கு ராத்திரி என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஒரு சொல்லை விளக்கினேன் என்றால், அதைக் கேட்டவர் வீட்டுக்குப் போய் எதை எதிர்பார்க்க வேண்டும், எதற்கு போனை எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் விளக்கம் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 4

நியூட்ரோபீனியா என்று வாய்விட்டதால் அதையே முழுசாகச் சொல்கிறேன். இந்த இழையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும்.

ஒருநாள் காலை டே கேர் கதவு திறக்கும்போதே ஒரு அம்மா மகனுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீமோ முடிந்து இரண்டாவது வாரம். முந்தின நாள் மாலை குளிர் நடுக்கம், காய்ச்சல். பாராசிட்டமால் போட்டதும் இறங்கியது. நடுராத்திரி மறுபடி ஏறியது, இன்னொன்று போட்டார். மகனை எழுப்பவில்லை, “வேலைக்குப் போற பிள்ளை” என்றார். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது, நாடி பறந்தது, ரத்த அழுத்தம் தரை தட்டியிருந்தது. ஐசியுவுக்குப் போய்ப் பிழைத்து வந்தார். அவர் கைப்பையில் நாங்கள் கொடுத்த வழவழ தாள் இருந்தது.

விஷயம் இதுதான். கீமோ வேகமாகப் பெருகும் அணுக்களை அடிக்கும். எலும்பு மஜ்ஜையும் அதில் அடிபடும். மருந்து ஏற்றிய அன்றைக்கு வெள்ளை அணு நன்றாகத்தான் இருக்கும். பெரும்பாலான மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் அது அடிமட்டத்துக்குப் போகும். ‘நாடிர்’ என்று ஃபைலில் எழுதுவது இந்த நாட்களைத்தான். குமட்டல் நின்று, சாப்பாடு இறங்கி, “பரவாயில்லை, தேறிவிட்டேன்” என்று தோன்றுகிற அதே நாட்கள். அதனால்தான் ஆபத்து.

ரத்த அறிக்கையில் மொத்த வெள்ளை அணுவைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2,000 என்று இருக்கும், அதில் நியூட்ரோஃபில், அதாவது கிருமியோடு முதலில் மல்லுக்கு நிற்கும் வெள்ளை அணு, 20 சதவீதம் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 400. இதைத்தான் ஏஎன்சி என்பார்கள். 1,500-க்குக் கீழே போனால் குறைவு, 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு. 400 உள்ளவரின் உடம்பில் கிருமி புகுந்தால் சீழ் பிடிக்காது, வீங்காது, சளி கட்டாது. அதற்கெல்லாம் வெள்ளை அணு வேண்டும். பெரும்பாலும் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும். அதையும் பாராசிட்டமால் போட்டு அமுக்கிவிட்டால் அந்த ஒரு மணியையும் அடிக்கவிடாமல் செய்தாயிற்று.

ஆகவே:

தெர்மாமீட்டர் வீட்டில் இருக்க வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது கணக்கில் சேராது. ஒரு தடவை 38.3 டிகிரி செல்சியஸ் (101 ஃபாரன்ஹீட்), அல்லது 38 டிகிரி (100.4) ஒரு மணி நேரம் நின்றால் அவசரம். பல இடங்களில் 38 தொட்டதுமே கூப்பிடு என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அதுதான் சரி. காய்ச்சல் இல்லாமல் நடுக்கம் மட்டும் வந்தாலும் கூப்பிட வேண்டும். மாத்திரை போடுவதற்கு முன் வெப்பம் பாருங்கள். ஆசனவாய் வழியாகப் பார்க்க வேண்டாம், மருந்தும் வைக்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல், “கீமோ எடுத்து இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது விதி. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அதற்காகக் காத்திருக்கமாட்டார்கள்.

அந்த அம்மா பிற்பாடு வார்டில் புதிதாக வருகிறவர்களைப் பிடித்து, “தெர்மாமீட்டர் இருக்கா?” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். பெயர் கேட்பதெல்லாம் அப்புறம்.

மார்ச் 4, இரவு

சின்னதாக ஒன்று. டாக்ஸோரூபிசின் ஏற்றியவர்களுக்கு, சிவப்பு மருந்து என்பீர்களே அதுதான், ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தமில்லை, மருந்தின் நிறம். இதைச் சொல்ல மறந்த நாட்களில் வார்டு போன் ஓயாமல் அடிக்கும்.

அதே மருந்து ஏறும்போது ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே கத்துங்கள். நரம்பை விட்டு மருந்து வெளியே கசிந்தால் தசையே புண்ணாகிவிடும். ‘எக்ஸ்ட்ராவசேஷன்’ என்று பெயர். “நர்ஸ் வரட்டும், பொறுத்துக்கொள்ளலாம்” என்ற நல்ல குணம் இங்கே வேண்டாம்.

மார்ச் 6

‘பாசிட்டிவ்’ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மார்பக அறுவைக்குப் பிறகு வந்த அறிக்கையில் மூன்று இடத்தில் பாசிட்டிவ் என்று இருக்கிறதாம். சந்தோஷப்படலாமா என்கிறார்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். ஆய்வகத்தில் பாசிட்டிவ் என்றால் ‘தேடியது இருக்கிறது’ என்பதுதான். நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. நோட் பாசிட்டிவ்: அக்குள் நெறிகளில் புற்று அணு இருக்கிறது, இல்லாமலிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மார்ஜின் பாசிட்டிவ்: வெட்டி எடுத்த துண்டின் ஓரத்தில் புற்று அணு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கலாம். ஈஆர் பாசிட்டிவ்: கட்டி ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளர்கிறது, ஆகவே டமாக்ஸிஃபென் மாதிரி மாத்திரையால் அதை அடக்க வழி இருக்கிறது. இவருடைய அறிக்கையில் இருக்கும் இன்னொன்று ஹெர்2 பாசிட்டிவ்: கட்டியை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் அணுவின்மேல் அதிகமாக இருக்கிறது. 1998-க்கு முன்னால் அது வெறும் கெட்ட செய்தி. அந்த வருடம் டிராஸ்டுஸுமாப் வந்த பிறகு அதைக் குறிவைத்து அடிக்க மருந்து இருக்கிறது.

அதே அறிக்கையில் ‘கிரேடு 2, ஸ்டேஜ் 2’ என்று இருப்பதையும் கேட்டார். எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றென்று நினைக்க வேண்டாம். கிரேடு என்பது நுண்ணோக்கியில் அணு எவ்வளவு உருமாறித் தெரிகிறது என்பது. ஸ்டேஜ் என்பது உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது.

அறுவை முடிந்த பிறகும் கீமோ எதற்கு, “எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்” என்றார்களே என்பது அடுத்த கேள்வி. அட்ஜுவன்ட் என்று அதற்குப் பெயர். வீட்டைப் பெருக்கிக் குப்பையை அள்ளிய பிறகும் ஈரத் துணியால் துடைக்கிறோம் அல்லவா, அதேதான். ஸ்கேனுக்குத் தெரியாத அணு எங்காவது தங்கியிருக்கலாம் என்பதற்காக. அறுவைக்கு முன்பே கீமோ கொடுத்தால் நியோஅட்ஜுவன்ட். கட்டியைச் சுருக்கிவிட்டு வெட்டுவது. “ஏன் ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள்? வெட்ட முடியாதோ?” என்று வீட்டில் பேச்சு வரும். தள்ளிப்போடவில்லை, சிகிச்சை தொடங்கிவிட்டது.

மார்ச் 7

ஸ்கேன் முடிவு பற்றி. ‘ஸ்டேபிள் டிசீஸ்’ என்று வந்ததும் “மருந்து வேலை செய்யவில்லை” என்று கீமோவை நிறுத்திவிட்டு வந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது நோய் ஓடியிருந்தது.

கட்டிகளின் குறுக்களவைக் கூட்டிப் பார்த்து அளக்கும் முறை இருக்கிறது, ரெசிஸ்ட் என்பார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதமாவது குறைந்தால் பார்ஷியல் ரெஸ்பான்ஸ். 20 சதவீதமாவது கூடினால், அல்லது புதிதாக ஒன்று முளைத்தால், ப்ரோக்ரெஷன். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஸ்டேபிள். வளர்ந்துகொண்டிருந்த ஒன்று நின்றிருக்கிறது என்றால் பரவிய நோயில் அது வெற்றிதான். பார்ஷியல் என்று வந்தவர்களும் “பாதிதானா?” என்கிறார்கள். உருண்டையான கட்டியின் குறுக்களவு 30 சதவீதம் குறைந்தால் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ப்ரோக்ரெஷன் என்ற சொல் இன்னும் மோசம். ‘ப்ரோக்ரஸ்’ என்று பள்ளி ரிப்போர்ட்டில் பார்த்தவர்கள் முன்னேற்றம் என்று நினைத்து எல்லோருக்கும் போன் செய்துவிடுவார்கள். பிறகு அதை எடுத்துச் சொல்லும் வேலை வார்டு நர்ஸுக்கு. போதும் போதும் என்றாகிவிடும்.

முதல் கேள்வி கேட்டவருக்கு இன்னொன்று. அப்பாவின் கல்லீரலில் இருப்பது கல்லீரல் புற்றுநோய் இல்லை. கல்லீரலில் போய் உட்கார்ந்த நுரையீரல் புற்றுநோய். அதற்கும் நுரையீரல் மருந்துதான். இரண்டு புற்றுநோய் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மார்ச் 9

“கரண்ட் வைத்துவிட்டு வந்த தாத்தா பக்கத்தில் குழந்தையை விடலாமா?”

விடலாம், மடியிலேயே விடலாம். வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுக்கும் ரேடியேஷனில் மெஷின் நின்றதும் கதிர் நின்றது. உடம்பில் எதுவும் தங்காது. கரண்ட் என்ற பேர்தான் கெடுக்கிறது. ஷாக் அடிக்குமென்று பல்லைக் கடித்துக்கொண்டு படுப்பவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுப்பதைவிட அதிகமாக எதுவும் உணரமாட்டீர்கள். தோல் சிவப்பதும் அசதியும் நாள் போகப் போகத்தான்.

முக்கியமான விதிவிலக்கு இரண்டு: தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள், உடம்புக்குள் கதிர் விதைகளைப் பதித்துக்கொண்டவர்கள். இவர்களுக்கு எத்தனை நாள் எவ்வளவு தள்ளி என்று எழுதியே கொடுப்பார்கள். அதைப் பின்பற்ற வேண்டும்.

‘ஃப்ராக்‌ஷன்’ என்றால் ஒரு வேளைக்கான பங்கு. மொத்த அளவை நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) என்று பிரித்துக் கொடுத்தால் நடுவில் நல்ல அணு தன்னைச் சரிசெய்துகொள்ளும். எலும்பு வலிக்கு மட்டும் 8 கிரேயை ஒரே தடவையில் கொடுத்து அனுப்புவதும் உண்டு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு முப்பது தடவை, எனக்கு ஒன்றுதான், என்னைக் கழித்துவிட்டார்கள் என்று ஒருவர் அழுதார். இலக்கே வேறு. வலி குறைவதில் அந்த ஒரு தடவை பல தடவைக்கு ஈடானது.

மார்ச் 11

காட்டலாமா, ஒளிக்கலாமா. தனியாக எழுதுகிறேன் என்றேன், யோசித்தும் தெளிவாகவில்லை.

வார்டு வாசலிலேயே மகனோ மகளோ மடக்குவார்கள்: “அவர்கிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்கமாட்டார்.” உள்ளே போனால் அவர் கண்ணை மூடிக்கொண்டே, “பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதம்மா, எனக்குத் தெரியும்” என்பார். நடுவில் நான் ட்ரிப்ஸ் வேகத்தைச் சரிபார்ப்பதில் ரொம்பக் கவனமாக இருப்பேன்.

ஒளிப்பதில் எனக்கு இருக்கிற ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. வாந்தி எதனால், காய்ச்சலுக்கு ஏன் ஓட வேண்டும் என்று தெரியாதவர் சொல்லவேண்டியதைச் சொல்லமாட்டார். அதற்காகக் காகிதத்தை முகத்தில் நீட்டுவதும் சரியில்லை. முதலில் அவரிடமே கேளுங்கள்: “உடம்பைப் பற்றி டாக்டர் சொன்னதில் உங்களுக்கு என்ன புரிந்தது? விவரமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா, நான் பார்த்துக்கொள்ளட்டுமா?” சிலர், “நீயே பாரு, எனக்கு வேண்டாம்” என்பார்கள். அதுவும் அவருடைய முடிவு, மதிக்க வேண்டும். அப்படிச் சொல்பவரிடம் ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம். பெரும்பாலானவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் தெரிந்து வைத்திருப்பார்கள். உடம்பு அவருடையது அல்லவா.

மார்ச் 12

மார்ஃபின் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். சுருக்கமாக.

பழகிவிடும் என்கிறீர்கள். மூன்றைப் பிரித்துப் பாருங்கள். நாளாக நாளாக அதே நிவாரணத்துக்கு அளவு கூட வேண்டியிருப்பது ஒன்று. திடீரென்று நிறுத்தினால் உடம்பு தவிப்பது இன்னொன்று, அதனால்தான் படிப்படியாகக் குறைப்பார்கள். வலியில்லாதபோதும் மருந்துக்காக மனம் அலைந்து வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்வது மூன்றாவது. மூன்றாவதுக்குத்தான் போதை அடிமைத்தனம் என்று பெயர். புற்றுநோய் வலிக்காக டாக்டர் பார்வையில் எடுப்பவர்களிடம் அது அரிது. முன்பு போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முதல் சில நாள் தூக்கம் அமுக்கும், வாந்தி வரலாம். இரண்டும் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். அதற்கு மருந்தை மார்ஃபினோடு சேர்த்தே முதல் நாளிலிருந்து எழுதுவார்கள். அதை “எனக்கு இப்போது சிக்கல் இல்லையே” என்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வயிறு உப்பிப்போய் வருபவர்கள் ஏராளம்.

‘எஸ்ஓஎஸ் டோஸ்’ அல்லது ‘பிரேக்த்ரூ டோஸ்’ என்பது வேளை மருந்துக்கு நடுவில் வலி முட்டிக்கொண்டு வந்தால் எடுக்கும் கூடுதல் வேளை. எத்தனை தடவை எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அதைப் பார்த்துத்தான் வேளை அளவைக் கூட்டுவார்கள். எடுக்காமல் தாங்கிக்கொண்டால் பாராட்டு கிடைக்காது, கணக்குதான் தப்பும்.

மார்ச் 15

‘ஐந்து வருட உயிர்வாழ்வு 60 சதவீதம்’ என்பதைப் படித்துவிட்டு “ஐந்து வருடம்தானா?” என்று ஒருவர். இல்லை. அந்த நோய் வந்த நூறு பேரில் அறுபது பேர் ஐந்து வருடம் முடிந்த நாளில் உயிரோடு இருந்தார்கள். அந்த அறுபது பேருக்கு ஆறாம் வருடம் உண்டு, பதினாறாம் வருடமும் இருக்கலாம். மேலும் அந்த நூறு பேர் சில வருடம் முன்பு சிகிச்சை எடுத்தவர்கள். இன்றைய மருந்து அவர்களுக்குக் கிடைத்திருக்காது.

முன்பு நான் எழுதிய 8.9, 11.6 மாதக் கணக்கையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு முன், பாதிப் பேர் அதற்குப் பின். பின்னால் இருக்கும் பாதிக்கு அந்த எண் உச்சவரம்பு கிடையாது. டாக்டரிடம் “எத்தனை மாதம்?” என்று கேட்பதற்குப் பதில், “நன்றாகப் போனால் எப்படி, மோசமாகப் போனால் எப்படி, நீங்கள் பெரும்பாலும் எதைப் பார்க்கிறீர்கள்?” என்று கேளுங்கள். உருப்படியான பதில் வரும்.

மார்ச் 18

ஒரு திருத்தம், என்னுடையது இல்லை. மேலே ஒருவர் “கீமோவில் வயிற்றுப்போக்கு சகஜம், லோபரமைட் போட்டுக்கொள்ளுங்கள்” என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டிலில் தொங்கி நரம்பில் ஏறுவதையெல்லாம் கீமோ என்கிறோம். பெம்ப்ரோலிசுமாப் மாதிரி இம்யூனோதெரபி மருந்து வேறு ஜாதி. 2018-இல் ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் நோபல் கிடைத்த வழி அது: புற்று அணு நோயெதிர்ப்புச் சக்தியின்மேல் போட்டிருக்கும் பிரேக்கை விடுவிப்பது. பிரேக் விட்டதும் அந்தச் சக்தி குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கலாம். அதில் வரும் வயிற்றுப்போக்கு குடல் அழற்சியாக இருக்கக்கூடும், அதற்கு ஸ்டீராய்டு வேண்டும். லோபரமைட் போட்டு மறைத்துக் காத்திருந்தால் குடலில் ஓட்டையே விழலாம். மருந்தை நிறுத்திச் சில மாதம் கழித்தும் இது வரலாம். அப்போது பார்க்கிற டாக்டருக்கு நீங்கள் எப்போதோ இம்யூனோதெரபி எடுத்தது தெரிந்திருக்காது. மருந்தின் பெயர் எழுதிய அட்டை ஒன்று பர்ஸில் இருக்கட்டும்.

மார்ச் 18, சற்று நேரம் கழித்து

“டாக்டர் விளக்கினாரா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்டதற்கு: கிளம்புவதற்கு முன் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். “நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள்.” நாங்கள் வார்டில் செய்வதும் இதைத்தான். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் உலகத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். “வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்பாங்களே, என்ன சொல்வீங்க?” என்று கேட்டால்தான் உண்மை வரும். ஒருவர் சொன்னார்: “வெள்ளை அணு குறையும், அதனால வெள்ளைத் துணி போடக்கூடாது.” அவ்வளவு நேரம் நான் பேசியதில் அதுதான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து, மெதுவாக.

மார்ச் 23

சைக்கிள் ஒரு வாரம் தள்ளிப்போனது பற்றி இன்று கேட்டவருக்கு. அணு எண்ணிக்கை ஏறாததால் தள்ளியிருக்கிறார்கள். மூன்று வாரச் சைக்கிளில் இது அடிக்கடி நடப்பதுதான். இறுதிவரை ஒருநாள்கூடத் தள்ளாமல் முடிப்பவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன். குணப்படுத்தும் இலக்கில் கொடுக்கும்போது அளவும் தேதியும் முடிந்தவரை குலையாமல் பார்ப்பார்கள். அதற்காகவே ஜி-சிஎஸ்எஃப் சேர்ப்பதும் உண்டு. பெக் வைத்த, அதாவது உடம்பில் பல நாள் தங்கும்படி மாற்றிய ஜி-சிஎஸ்எஃப் ஊசி என்றால் கீமோ முடிந்து குறைந்தது 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். வீட்டில் யாராவது போடுவதாக இருந்தால் நேரத்தை ஃபைலின் மேலட்டையில் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில், அதில் எந்த எண் வந்தால் மருந்து ஏறும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.